மாற்றம்: ஒன்று

வேலை போன மனிதர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துத்தான் கொழுந்தன் சட்டைப் பையில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வந்தான். நெட்வொர்க்காரர் அழவில்லை. சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர்களை ஒயர் வழியாக இணைக்கிற பழைய ஸ்விட்ச் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து, கிளம்பப் போகிற விமானம் மாதிரி இரைந்துகொண்டிருந்தன.

“பழகறதுக்கு வாங்கினது,” என்றார் அவர் மனைவி. “இது வந்ததிலேர்ந்து நாங்க தரையில உட்கார்ந்துதான் சாப்பிடுறோம். உங்களுக்கும் தரைதான்.”

அண்ணி உட்கார்ந்தாள். அவள் துப்பறிகிறவள். கொழுந்தன் அவள் கணவரின் தம்பி, உதவியாளன். அவள் யோசிப்பாள், அவன் பேசுவான். யோசிப்பவரை மட்டும் அனுப்பினால் போதும் என்று சில வாடிக்கையாளர்கள் தனியாகப் போன் செய்து கேட்டுக்கொண்டதுண்டு.

விஷயம் இதுதான். நெட்வொர்க்காரர் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதமாக நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் வெளியே கசிந்துகொண்டிருந்தன. ஸ்கேன் எடுத்தவர் வீடு போய்ச் சேர்வதற்குள் யாரோ போன் செய்து, உங்கள் சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, எங்கள் நிலையத்துக்கு வாருங்கள், சலுகை உண்டு என்று கூப்பிட்டார்கள். போன வாரம் ஒரு பெண் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் புற்றுநோய் என்பதை ஒரு விற்பனைக் குரல் தள்ளுபடியோடு சேர்த்துச் சொல்லியது. அவள் அப்படியே நிறுத்தத்தின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து கத்திய அன்றே நிர்வாக அதிகாரி இரண்டு காரியம் செய்தார். அண்ணியைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் நெட்வொர்க்காரரை சஸ்பெண்ட் செய்தார். அவர் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியின் எல்லா ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் தொடுகிற புரோகிராம் இந்த ஆளிடம்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, தினமும் காலையில் இவருடைய பெயரில் உள்ளே போய் ஒயர் செருகுகிற ஒரு துளையைத் திறந்துவிட்டதாக ஸ்விட்சே குறித்து வைத்திருக்கிறது.

“புரோகிராம் எழுத எப்போ கத்துக்கிட்டீங்க?” என்று அண்ணி கேட்டாள்.

அதற்கு வந்த பதில் நீளமானது. இருபத்தைந்து வருஷமாக அவர் ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, கையால் தட்டித்தான் வேலை பார்த்தார். ஒரு பாஸ்வேர்டை மாற்றவே ஒரு வாரம் முக்காலியும் கையுமாக அலைவார். இனிமேல் இதையெல்லாம் புரோகிராம் செய்யும், தெரிந்தவர்களுக்குத்தான் வேலை என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. முட்டி வேறு மாடிப்படியை எதிர்த்து வழக்குப் போட ஆரம்பித்திருந்தது. மாலை வகுப்பில் சேர்ந்தார். சொல்லிக்கொடுப்பவருக்கு இவருடைய மகன் வயது. இவர் அவரை சார் என்பார், அவர் இவரை அங்கிள் என்பார். மற்ற மாணவர்கள் ஒரு நாளில் முடித்த பாடத்தை இவர் பத்து நாள் போட்டு உருட்டினார். ஒரு காற்புள்ளி இல்லை என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனால் விடவில்லை. போன மாதம் தன் முதல் புரோகிராமை ஆஸ்பத்திரியில் ஓடவிட்டார்.

“அது என்ன பண்ணும்?”

“யாரும் பயன்படுத்தாத துளையெல்லாம் மூடியிருக்கணும். அவ்வளவுதான். திறந்த துளையில யார் வேணும்னாலும் ஒயரைச் செருகிடலாம் இல்லையா. அதனால தினமும் ராத்திரி எல்லா பெட்டியையும் ஒரு சுத்து பார்க்கும். மூடாததை மூடும். மூடியிருந்தா கை வைக்காம போயிடும். கடைசியில எத்தனை மாத்தினேன்னு ஒரு வரி சொல்லும்.”

“சொல்லுச்சா?”

நெட்வொர்க்காரர் லேப்டாப்பை மூடினார். ஆஸ்பத்திரியில் திருட்டுப் பட்டம் கட்டியபோது கூட அந்த முகம் இவ்வளவு சுருங்கியிருக்காது என்று கொழுந்தனுக்குத் தோன்றியது.

“அதுலதாங்க அசிங்கம். ஒழுங்கா எழுதின புரோகிராமை ரெண்டாவது தடவை ஓட்டினா பூஜ்யம்னு வரணும். முதல் தடவையே எல்லாம் சரியாயிடுச்சே, மறுபடி மாத்த என்ன இருக்கு? வகுப்புல முதல் நாளே சொன்ன பாடம் இது. எனக்கு மட்டும் தினமும் ராத்திரி ‘மாற்றம்: ஒன்று’ன்னு வருது. ஞாயித்துக்கிழமை மட்டும் பூஜ்யம். என்ன தப்பு பண்ணினேன்னு தேடித் தேடிப் பார்க்கிறேன். சார்கிட்ட கேட்க வெட்கமா இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற புரோகிராமா?” என்றான் கொழுந்தன். “எங்க அண்ணியை விட நல்ல முதலாளியா இருக்கீங்களே.”

அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதில்லை என்பதால்தான் அவன் வேலையில் நீடித்தான்.

“ஒருத்தர் தினமும் வீட்டைச் சுத்தி வந்து எரியற விளக்கை அணைக்கிறார்,” என்றாள் நிதானமாக. “தினமும் ஒரு விளக்கு எரியுது, அதே விளக்கு. அணைக்கிறவர்கிட்ட என்ன கோளாறு?”

நெட்வொர்க்காரர் அணைக்கிறவரின் கோளாறைத் தேடத் தொடங்கினார். அவர் மனைவி சமையலறை வாசலில் இருந்தே, “ஏத்தறது யாரு?” என்று கேட்டார்.

“அதே துளையா?” என்று கேட்டாள் அண்ணி.

லேப்டாப் மறுபடி திறந்தது. தன் தவறைத் தேடுவதிலேயே மும்முரமாக இருந்த மனிதர், அது எந்தத் துளை என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். மூன்றாவது மாடிப் பெட்டியில் கடைசித் துளை. எல்லா நாளும் அதே. அது போன மாதத்துக்கு முன்பிருந்தே திறந்து கிடந்திருக்கிறது. இவர் மூட ஆரம்பித்த பிறகுதான் யாரோ தினமும் திறக்க வேண்டியதாகிவிட்டது.

அண்ணி அவரைப் பழகும் பெட்டியில் ஒரு துளையைத் திறந்து காட்டச் சொன்னாள். விரல்கள் பறந்தன. ‘கான்ஃப் டி’, ‘நோ ஷட்’ என்று பாதிப் பாதி வார்த்தைகளாக நாலு அடி, துளை திறந்துவிட்டது. அண்ணி கொண்டுவந்திருந்த தாளில் ஆஸ்பத்திரி ஸ்விட்ச் குறித்து வைத்திருந்ததோ வேறு மாதிரி. ‘கான்ஃபிகர் டெர்மினல்’, ‘நோ ஷட்டவுன்’ என்று ஒரு எழுத்து விடாமல், பள்ளிக்கூட விண்ணப்பம் மாதிரி முழுசு முழுசாக.

“இவர் எதையும் முழுசா எழுதினதே கிடையாது,” என்றார் மனைவி. “சொந்தப் பொண்ணு பிறந்தநாளுக்கே ‘வாழ்’னு மட்டும் மெசேஜ் போட்டார்.”

கொழுந்தனுக்கு ஒரு சந்தேகம். புரோகிராம் என்றால் முழுசாகத்தானே எழுதும்? இவருடையதும் அப்படித்தானே?

“ஆமா,” என்றாள் அண்ணி. “அதனால இது விரல் இல்லை, இன்னொரு புரோகிராம்னு மட்டும்தான் தெரியுது. எழுதினது யார், ஓட்டறது யார்னு தெரியல. வா, துளையைப் பார்ப்போம்.”

*

மூன்றாவது மாடியில் ஸ்கேன் பிரிவுக்கும் பதிவறைக்கும் நடுவே நீளமான ஒரு நடை. நாற்காலிகளில் ஆட்கள் தங்கள் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டுவிடக் கூடாதே என்றும் சிலர் காத்திருந்த மாதிரி இருந்தது. கடைசித் துளையிலிருந்து போன ஒயர் சுவருக்குள் இறங்கி, ‘அமைதி காக்கவும்’ என்ற அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் வெளியே வந்தது. கொழுந்தன் பலகையை மெல்ல நகர்த்தினான். பின்னால் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“அமைதியாத்தான் இருக்கு,” என்றான். “கைரேகை எடுக்கலாமா அண்ணி?”

“தூசியிலயா? வேண்டாம். யார் வெச்சாங்கன்னு அதுக்கும் தெரியாது.” அவள் பலகையைப் பழையபடி தள்ளினாள். “தம்பி, ஒரு கேள்வி. இந்தப் பெட்டி ஊமையாயிட்டா முதல்ல கவனிக்கிறது யாரு?”

“இது வெளியே அனுப்புற ரிப்போர்ட்டை வாங்கித் தின்கிறவன்.”

“கவனிச்சா என்ன செய்வான்?”

அவன் பதில் யோசிப்பதற்குள் ஸ்கேன் பிரிவின் தலைமை மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்தார். நரைத்த தலை, தேய்ந்த செருப்பு, கையில் ஸ்கேன் படம். நிற்கக்கூட நேரமில்லாதவர், நின்றார். நெட்வொர்க்காரர் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது, நான் எழுதிக் கொடுக்கத் தயார் என்றார். போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தார். ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்காக வைத்திருப்பாராம். இவன் முகத்தில் அந்தக் களை இருந்ததாம்.

நெட்வொர்க்காரர் பெயரில் ஸ்விட்சுக்குள் போகிற பாஸ்வேர்டு அவசரத்துக்கு என்று மூன்று பேரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இந்த டாக்டர், நிர்வாக அதிகாரி, பதிவறை மேலாளர் அம்மா. கொழுந்தன் பதிவறை மேலாளர் மேல் பந்தயம் கட்டத் தயாராக இருந்தான். அந்த அம்மா அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்க் கிசுகிசுப்பதை அவனே பார்த்திருந்தான்.

“கட்டாதே,” என்றாள் அண்ணி. “போய் நெட்வொர்க்காரரைக் கூட்டிட்டு வா. யாருக்கும் தெரியாம.”

தெரியாமல் கூட்டி வர ஒரே வழிதான் கொழுந்தனுக்குத் தோன்றியது. ஏசி ரிப்பேர்காரர் என்று சொல்லிக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனான். வாசல் காவலாளி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், எப்போ ஏசி வேலைக்கு மாறினீங்க?”

“நேத்து,” என்றார் நெட்வொர்க்காரர்.

காவலாளி தலையாட்டிக் கதவைத் திறந்துவிட்டார். நெட்வொர்க்காரருடைய அக்கவுன்ட்டை முடக்கும்படி நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. ஆனால் முடக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் அது அப்படியே இருந்தது. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அவர் சின்னதாக இன்னொரு புரோகிராம் எழுதினார். அந்த ஒரு துளையை மூடும், சொன்னால் திறக்கும். கையால் தட்டினால் இரண்டு நிமிஷ வேலை. ஆனாலும் வகுப்பில் சொன்ன முறைப்படிதான் எழுதுவேன் என்று பிடிவாதமாக எழுதினார். நடுவில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனது. இந்தத் தடவை அவரே கண்டுபிடித்தார்.

*

நிர்வாக அதிகாரியின் அறையில் கூட்டம். ரிப்போர்ட் கசிவுக்குப் பிறகு அவர் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்: கூட்டத்துக்கு வருகிறவர்கள் போனை மேஜை நடுவிலுள்ள தட்டில் வைத்துவிட வேண்டும். அண்ணி அந்த விதியை மிகவும் பாராட்டினாள். பாஸ்வேர்டு தெரிந்த மூவரின் போன்களும் முகம் மேலே பார்க்கப் படுத்திருந்தன. காலை ரிப்போர்ட்டுகள் வந்து குவிகிற நேரம். அண்ணி பேசத் தொடங்கினாள். விசாரணையில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை என்பதை அவள் இவ்வளவு விரிவாகச் சொல்லிக் கொழுந்தன் கேட்டதில்லை.

பேச்சின் நடுவே அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கூட்டத்தில் சேராமல் ஜன்னல் ஓரம் நின்ற கொழுந்தன், தட்டில் வைக்காத தன் போனில், கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு ‘மூடு’ என்று தட்டினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தட்டு அதிர்ந்தது. ஒன்றல்ல, இரண்டு போன். பதிவறை மேலாளருடையதில் ‘ஸ்கூல் வேன்’ என்று ஒளிர்ந்தது. டாக்டருடையதில் ‘மாப்பிள்ளை’.

“பையனுக்கு ஜுரம், அதான்,” என்று அந்த அம்மா கையைப் பிசைந்தார். டாக்டர் தன் போனைப் பார்த்துவிட்டு விட்டத்தைப் பார்த்தார். அண்ணி கண்ணாடியை மாட்டினாள். கொழுந்தன் ‘திற’ என்று தட்டினான். இரண்டு போனும் ஓய்ந்தன.

மறுபடி கண்ணாடி கழன்றது. ‘மூடு.’

இந்தத் தடவை ஒரே போன். மாப்பிள்ளை.

“எடுங்க டாக்டர்,” என்றார் நிர்வாக அதிகாரி பெருந்தன்மையாக. “மாப்பிள்ளை கூப்பிட்டு எடுக்கலைன்னா நாளைக்கு உங்க வீட்டுல பஞ்சாயத்து. விதியெல்லாம் மாப்பிள்ளைக்குக் கிடையாது.”

“அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் டாக்டர்.

‘திற.’ போன் நின்றது.

கொழுந்தன் வாயிலிருந்த பெப்பர்மின்ட் திடீரென்று கசந்தது. எங்கேயோ தவறு, கீழே இருக்கிறவர் இன்னொரு காற்புள்ளியை விட்டிருப்பார் என்று அவன் மனசு வக்கீல் வைத்து வாதாடியது. அண்ணி கண்ணாடியை மூன்றாவது தடவை கழற்றினாள். அவன் தட்டவில்லை. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தட்டினான்.

மாப்பிள்ளை.

நிர்வாக அதிகாரி போனைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலில் நின்றவனைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும், ஏறியது.

“எத்தனை தடவை மூடப் போறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“நீங்க எடுக்கிற வரைக்கும், டாக்டர்,” என்றாள் அண்ணி.

அவர் எடுத்தார். ஸ்பீக்கரை அவரே அழுத்தினார்.

“மாமா, எவ்வளவு நேரமா கூப்பிடுறேன். வந்து வந்து போகுது. அந்த ஐகானை ஒரு தடவை அமுக்கிடுங்களேன்.”

“இனிமே திறக்காது மாப்பிள்ளை,” என்றார் டாக்டர். போனை அணைத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அதன்பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. மகளின் கணவர் ஒரு பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். வியாபாரம் படுத்தது. மகள் இரண்டு முறை பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். பிறகு மாப்பிள்ளை ஒரு நாள் மாமாவின் கம்ப்யூட்டரைச் சரிபார்த்துத் தருவதாக ஆஸ்பத்திரிக்கு வந்தார், பாஸ்வேர்டு கேட்டார், டாக்டர் கொடுத்தார். மகள் அதற்குப் பிறகு பெட்டியோடு வரவில்லை. போன மாதத்திலிருந்து தினமும் காலையில் போன் வரும். கம்ப்யூட்டர் திரையில் மாப்பிள்ளை வைத்துக் கொடுத்த ஒரு படத்தை அமுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் இல்லை, போனும் இல்லை.

“அமுக்கினா என்ன ஆகும்னு நான் கேட்டதே இல்லை,” என்றார். “கேட்டா தெரிஞ்சிடும்.”

பழியை இன்னொருவர் சுமக்கிறாரே என்று அண்ணி கேட்டாள். அதற்குத்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன் என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“அந்தம்மாவை மறுநாள் கணவரோட வரச் சொல்லியிருந்தேன். ரெண்டு பேரையும் உட்கார வெச்சு நானே சொல்றதா இருந்தேன்.”

நிர்வாக அதிகாரி போலீசுக்குப் போன் செய்யத் தன் போனைத் தேடினார். அது கண்ணுக்கு எதிரிலேயே தட்டில் கிடந்தது. டாக்டர் எழுந்தார். வெளியே ரிப்போர்ட்டுக்காகச் சிலர் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று அனுமதி கேட்டார். நிர்வாக அதிகாரி முடியாது என்று சொல்ல வாயெடுத்தார்.

“போயிட்டு வாங்க,” என்றாள் அண்ணி. “தம்பி கூட வருவான்.”

கொழுந்தன் கதவருகே நின்றான். டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இருவருக்கு நல்ல சேதி. ஒரு வயதான தம்பதிக்கு அப்படி இல்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவசரப்படாமல், அந்த அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதெல்லாம் முதல் தடவை கேட்பது போலவே பதில் சொன்னார். பெரியவர் கண்ணைத் துடைக்க எதையோ தேடினார். கொழுந்தன் பையிலிருந்த கைக்குட்டையை நீட்டினான்.

கடைசி ஆளும் போன பிறகு டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இருவரும் நடையில் நடந்தார்கள். நிர்வாக அதிகாரியின் அறை வாசலில் அவர் நின்றார்.

“என் பொண்ணுகிட்ட இதை யார் சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

கொழுந்தன் பையிலிருந்து தன் போனை எடுத்தான்.

“நீங்கதான் டாக்டர் சொல்லணும்,” என்றான். “போன்ல வேண்டாம். இங்க வரச் சொல்றேன்.”